பொருந்தினால் போதும் என்றவனுக்கு

நேற்றுக் காலை உன் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் கருகல் வாசனை முகத்தில் அடித்தது. பிளாஸ்டிக்கும் ஈயமும் சேர்ந்து வெந்த வாசனை. பதுளைக் கடைவீதியில் மாடியில் கடை போட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்து பிழைக்கிறவளுக்கு இது புதிதல்ல. ஊதுபத்தியைவிட இந்த வாசனைதான் எனக்குப் பழக்கம். ஆனால் இந்த முறை எரிந்தது உன் பெட்டி. கலியாணம், சடங்கு, தேர், மரண வீடு என்று நீ தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் வீடியோ எடுத்த எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்த, டிஸ்க் மாட்டிய சேமிப்புப் பெட்டி. நீ கண்ணை மூடி இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை, அதற்குள் உன் உபதேசம் உன் பெட்டியையே தின்றுவிட்டது. இதைப் பார்க்க நீ இல்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

தூக்கிக்கொண்டு வந்தவன் உன் மைத்துனன். கத்தாரிலிருந்து லீவில் வந்திருக்கிறான். கழுத்தில் சங்கிலி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் கடைவீதி முழுக்கக் கேட்கிற மாதிரி போனில் பேச்சு. பெட்டியை என் மேசையில் இறக்கிவிட்டு, நான்தான் அதை எரித்தவள் போல என்னைப் பார்த்தான்.

"என்னடா செஞ்ச?"

"ஒண்ணுமே செய்யலக்கா. போன மாசம் இடி விழுந்து பழைய பவர் சப்ளை போயிருச்சுன்னு எங்க அக்கா சொல்லிச்சு. நான் அங்கருந்தே புதுசு கொண்டாந்தேன். ஒசத்தியான சாமான். மாட்டி சுவிட்ச போட்டேன், பட்டுன்னு ஒரு சத்தம்."

"கேபிள்?"

"மச்சானோட பழைய கேபிள்தான். நல்லா பொருந்திச்சுக்கா. மச்சான் சொல்லுவாருல்ல, பொருந்துனா போதும்னு."

"புதுசோட வந்த கேபிள் எங்க?"

அவனுக்குச் சற்றுக் கூச்சம் வந்தது. "சூட்கேசுல எடம் பத்தலக்கா. பால்மா, வாசனை சவுக்காரம், ரெண்டு கம்பளி. கேபிள்தான் வீட்ல இருக்கேன்னு அந்தக் கேபிள் பைய மட்டும் அங்கயே வச்சிட்டு வந்தேன்."

சவுக்காரம் வைக்க இடம் தேவைப்பட்டதால் கேபிளை விட்டுவிட்டு வந்திருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வருகிறவன் வீட்டுக்கு வீடு சவுக்காரம் கொடுக்காமல் போனால் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதே! அவனைத் திட்டி என்ன பயன்? திட்டப்பட வேண்டியவன் நீ.

உனக்குத் திரும்பவும் சொல்கிறேன், அங்கேயாவது காதில் வாங்கிக்கொள். பவர் சப்ளையில் கழற்றி மாட்டுகிற கேபிள்களின் முனை வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே கம்பிகளின் வரிசை கம்பனிக்குக் கம்பனி வேறு. ஒரே கம்பனியின் இரண்டு மாடல்களுக்கே வேறாக இருப்பதுண்டு. ஐந்து வோல்ட் போக வேண்டிய வழியில் பன்னிரண்டு வோல்ட் போனால் எந்த டிஸ்க்கும் கருகத்தான் செய்யும். ஆகவே எந்தப் பவர் சப்ளையோ, அதோடு வந்த கேபிள். வேறு எதுவும் வேண்டாம். சோறு தின்னத் தெரிந்த யாருக்கும் இது புரியும். நீ பள்ளிக்கூடத்து உயர்தரத்தில் என்னோடு ஒரே வகுப்பில் பௌதிகம் படித்தவன். உனக்குப் புரியவில்லை.

உன் பௌர்ணமிப் போயா நாள் வகுப்புகளை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. லீவு நாளென்று கடைவீதியே கதவைச் சாத்தியிருக்கும். என் மாடிப்படியடியில் இருந்த உன் ஸ்டூடியோவில் மட்டும் கூட்டம். போனில் படங்கள் நிறைந்து போய், வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டி செய்யலாமாம் என்று யூடியூபில் எவனோ உளறியதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். பசறையிலிருந்து ஒரு கணக்கப்பிள்ளை, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, கோயில் தர்மகர்த்தா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர். எல்லோருக்கும் பிளேன்டீ. படம் பிடிக்கக் கட்டியிருந்த அந்த அசிங்கமான நீர்வீழ்ச்சித் திரைக்கு முன்னால் நீ ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாய். அவர்கள் கொண்டுவந்த சாமானைக் கையில் வாங்கி, சேலைக்கு ரவிக்கைத் துணி வைத்துப் பார்க்கிற மாதிரி இதை அதிலும் அதை இதிலும் வைத்துப் பார்ப்பாய். சாமான் உள்ளே உட்கார்ந்துவிட்டால் தீர்ப்புச் சொல்வாய். "பொருந்துனா போதும் சேர்."

அந்த அதிபரின் ரேமை மறக்க முடியுமா? எங்கோ மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்திருந்தார். நீ அதை அழுத்தினாய், டக்கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டால் திரையில் ஒன்றும் இல்லை. கறுப்பு. "கொஞ்சம் சூடேறட்டும் சேர், மலைநாட்டுக் குளிர்ல" என்று நீ சொன்னபோது நான் மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். அந்த மனுஷனும் நாற்பது வயதுப் பிள்ளைகளின் அப்பா, தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்!

"சேர், இது பெரிய சேர்வர் மெஷினுக்குச் செஞ்ச ரேம்," என்றேன். "செருகுற காடி ஒண்ணுதான், ஆனா ஒங்க போர்டுக்கு இதோட பேசத் தெரியாது. நாளைக்கு விடியும் வரைக்கும் சூடேத்துனாலும் வராது."

நீ வெட்கப்பட்டிருக்க வேண்டும். நீயோ சிரித்துக்கொண்டே, "மேதாவி வந்தாச்சு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க," என்றாய். அவர்களும் சிரித்தார்கள். சரியான பதிலைச் சொன்னவள் நான், பிளேன்டீயும் சிரிப்பும் உனக்கு.

நர்ஸ் விஷயம் அதைவிட மோசம். போர்டில் புதிதாக ஒரு சின்னச் சேமிப்பு அட்டையைச் செருகிய பிறகு அவளுடைய டிஸ்க் ஒன்று காணாமல் போனது. டிஸ்க் செத்துவிட்டது, வேறு வாங்கு என்று நீ அனுப்பிவிட்டாய். அந்த அட்டையும் அந்த டிஸ்க்கும் ஒரே வழியைப் பங்கு போட்டுக்கொள்கிறவை. ஒன்று வந்தால் மற்றது ஒதுங்கிவிடும். போர்டின் விவரப் புத்தகத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறான். நான் டிஸ்க்கின் கேபிளை அடுத்த வாய்க்கு மாற்றினேன், செத்த டிஸ்க் எழுந்து உட்கார்ந்தது. தர்மகர்த்தா வாங்கிய டிஸ்க்குகளோ, லயத்துக் கூரைத் தகரம் மாதிரி ஒரு தடத்தின்மேல் அடுத்த தடம் ஏறி எழுதுகிற வகை. ஒரு மூலையில் போட்டு வைக்க ஆகும். ஒன்று கெட்டு இன்னொன்றில் எல்லாவற்றையும் திரும்ப நிரப்ப வேண்டி வந்தால் உயிரை வாங்கிவிடும். அதையும் நீதான் நல்லது என்றாய். ஏனென்று கேட்டேன். "பெட்டி பாக்க அழகா இருந்துச்சு," என்றாய்.

புதிதாக வருகிறவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் ஒரு தாளில் அடித்துக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? முதலில் போர்டு. அதற்கு எந்த ரேம் என்று போர்டு செய்தவன் சொல்வதைப் பார். எத்தனை டிஸ்க் வைக்க வாய் இருக்கிறது, எது எதோடு பங்கு போடுகிறது என்று பார். பிறகு டிஸ்க், பிறகு எல்லாவற்றையும் தாங்குகிற பவர் சப்ளை, கடைசியில்தான் பெட்டி. நீ அந்தத் தாளில் உளுந்து வடை வைத்துச் சாப்பிட்டாய். எண்ணெய் நன்றாக உறிஞ்சுகிறது என்று பாராட்டு வேறு.

நீ முதலில் கேட்கிற கேள்வி என்ன? போர்டு மாடலா? இல்லை. "உள்ள என்ன வைக்கப் போறீங்க?" இதைவிட அசட்டுக் கேள்வி ஒன்று உண்டா என்று நினைப்பேன். டிஸ்க்குக்கு, உள்ளே இருப்பது பேரப்பிள்ளை படமா, தேயிலைக் கணக்கா என்று தெரியப் போகிறதா? ஆனால் அந்தக் கேள்விக்கு அதிபர் மாதிரி ஆட்கள் அரை மணி நேரம் பதில் சொல்வார்கள். நீயும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாய். அதுவரைக்கும் அந்த ரேம் பாவம், தப்பான காடியில் மாட்டிக்கொண்டு இருக்கும்.

உன் சொந்தப் பெட்டியிலாவது ஒழுங்கு இருந்ததா? இரண்டு டிஸ்க், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். "ரெண்டு இருக்கு, எனக்கென்ன பயம்?" என்பாய். இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒரே மின்சாரத்தைக் குடிக்கின்றன, ஒரு இடிக்கு இரண்டும் சேர்ந்தே சாகும், வேறு இடத்தில் மூன்றாவதாக ஒரு நகல் வை என்று தொண்டை வற்றச் சொன்னேன். அப்புறம் பார்க்கலாம் என்றாய். எல்லாவற்றுக்கும் உனக்கு அப்புறம்தான். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு ஆட்டோ பிடிக்காமல், கேமராப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன் நீ. அதன் வாசல் வரைகூடப் போய்ச் சேரவில்லை.

இதையெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டு நான் உன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மைத்துனனுக்குப் பின்னால் படியேறி வந்த பெண் அங்கேயே நிற்பது தெரிந்தது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துக்காரி, பெயர் சாந்தி. காலை முதல் பஸ்ஸில் இறங்கி நேராக உன் ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறாள். பூட்டியிருந்ததால் உன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து பெட்டியின் பின்னாலேயே என் கடைக்கு வந்திருக்கிறாள்.

"அக்கா, எங்கம்மா சாவு வீடியோ இதுலதான் இருக்கா?"

குவைத்தில் வீட்டு வேலை. அம்மா செத்த செய்தி வந்தபோது அந்த வீட்டு அம்மாள் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மட்டும் சற்று நேரம் கொடுப்பாளாம். நீ எடுத்த வீடியோவைப் பென்டிரைவில் போட்டு அவள் அண்ணனிடம் கொடுத்திருக்கிறாய். அந்தப் புண்ணியவான் அதை அழித்துவிட்டு ஆட்டோவில் போட சினிமாப் பாட்டு ஏற்றிவிட்டான்.

"ஸ்டூடியோ அண்ணன் போன்ல சொன்னாருக்கா, நான் வச்சிருக்கேன் தங்கச்சி, நீ எப்ப வந்தாலும் பாக்கலாம்னு. அவரு போன சேதியே எனக்கு இப்பத்தான் தெரியும்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அடுத்த வாரம் திரும்பப் போகணும். வீட்ல அம்மாவோட அடையாள அட்டை மட்டுந்தான் இருக்கு. அதுல இருக்கது அம்மா மாதிரியே இல்ல. மொகம் மறந்துக்கிட்டே வருதுக்கா."

உன் மைத்துனன் கண்ணாடியைக் கழற்றினான். வந்ததிலிருந்து அவன் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

மரண வீட்டில் கேமரா தூக்குகிற உன் தொழிலை நான் மதித்ததே இல்லை. பிணத்தைச் சுற்றி லைட் போடுவதற்கும் மனசு வேண்டுமே என்று உன் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். நீ கோபப்படவில்லை. "வர முடியாதவ ஒருத்தி எங்கயாவது இருக்காளே," என்றாய். எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

முதல் டிஸ்க்கின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். சில்லு வெடித்து ஓட்டை விழுந்திருந்தது. அது போனது போனதுதான். இரண்டாவதில் வெளியே தெரிகிற காயம் இல்லை. டிஸ்க்கின் மின் வாசலில் டையோடு என்று ஒரு சின்னச் சாமான் இருக்கும், உளுந்தளவு. அளவுக்கு மீறி மின்சாரம் வந்தால் அது தன்னைக் கருக்கிக்கொண்டு வழியை அடைத்துவிடும். டிஸ்க் செத்த மாதிரி கிடக்கும், உள்ளே உயிர் இருக்கும். அளந்து பார்த்தேன், அடைத்துக்கொண்டுதான் இருந்தது. அதைப் பெயர்த்து எடுத்துவிட்டால் டிஸ்க் ஓட வாய்ப்புண்டு. ஆனால் இனி அதற்குக் காவல் கிடையாது. இன்னொரு தவறான வோல்ட் வந்தால் எல்லாம் முடிந்தது. ஓடுகிற வரைக்கும் ஓடவிட்டு அள்ளிக்கொள்ள வேண்டும்.

சாந்தியிடம் அப்படியே சொன்னேன். வரலாம், வராமலும் போகலாம். அவள், "செய்யுங்கக்கா," என்றாள். பற்றவைக்கும் கோல் சூடேறும் வரைக்கும் உன்னைத்தான் திட்டினேன். டையோடை எடுத்தேன், எனக்குத் தெரிந்த நல்ல பவர் சப்ளையில், அதன் சொந்தக் கேபிளில், டிஸ்க்கை மாட்டினேன். சுழல ஆரம்பித்தது. மூன்று பேரும் குனிந்து அந்தச் சத்தத்தைக் கேட்டோம்.

உள்ளே போனால் உன் ஒழுங்கு! தேதி இல்லை, வருஷம் இல்லை, எண் இல்லை. கோப்புகளுக்குச் செத்தவர் பெயரைக்கூட நீ வைக்கவில்லை. டுபாய் ராஜுவுக்கு, லெபனான் மல்லிகாவுக்கு, கொழும்பு நகைக்கடை முருகேசுக்கு என்று வர முடியாமல் போனவர்களின் பெயராக வரிசையாகக் கிடந்தது. தேடித் தேடி, மடுல்சீமை சாந்திக்கு என்பதைக் கண்டுபிடித்து, அதை முதலில் என் டிஸ்க்குக்கு இழுத்துக்கொண்டேன்.

ஓடவிட்டோம். படம் ஆடியது, வெளிச்சம் போதவில்லை. கேமரா பிடிக்கத் தெரியாதவன் என்று சொல்லப் போனேன், அப்போது அந்த முகம் வந்தது. மஞ்சள் பூசிய சின்ன முகம், நெற்றி நிறையத் திருநீறு. சாந்தி "அம்மா" என்று கத்தினாள். கீழ்க்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். நீ அந்த முகத்தைவிட்டு நகரவே இல்லை. "கொஞ்சம் வெலகுங்க, மொகம் மறைக்குது," என்று உன் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

லயத்து வாசலில் தப்படிக்கிற சத்தம் நின்றது. வாய்க்கரிசி போட ஒவ்வொருவராக வந்தார்கள். யாரோ ஒரு பெரியவர், "மக இல்லியேப்பா, அடுத்த ஆளு வாங்க," என்றார். உடனே படம் ஒரு குலுக்குக் குலுக்கிச் சரிந்தது. கேமராவை நீ ஒரு பெஞ்சில் வைத்திருக்கிறாய். பாதித் திரையில் எவனுடைய வேட்டியோ. மறுபாதியில் நீ நடந்து வந்தாய். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் படம் எடுத்தவன், அந்தச் சாயம் போன நீலச் சட்டையோடு, சுளகிலிருந்து அரிசியை அள்ளி, குனிந்து, அந்த அம்மாவின் காதருகே சொன்னாய்: "சாந்தி போடுறாம்மா."

பிறகு கேமராவைப் பார்த்துத் திரும்பினாய். "ஒன் அரிசியும் போட்டாச்சு தங்கச்சி," என்றாய்.

எனக்கு அழுகை வந்தது. சொல்வதில் என்ன வெட்கம்? உன் மைத்துனன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். சாந்தி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடச் சொன்னாள். அவளுக்கென்று இரண்டு இடத்தில் நகல் எடுத்துக் கொடுத்தேன், ஒன்று அவளோடு போக, ஒன்று என்னிடம் இருக்க. அண்ணன் கையில் கொடுக்கவே கூடாது என்று எச்சரித்தேன். படியிறங்கப் போனவள் நின்று கேட்டாள்.

"அக்கா, அந்த அண்ணனுக்கு யாரு அரிசி போட்டாங்க?"

"ஊரே போட்டுச்சு," என்றேன்.

பொய்யில்லை. சொந்தக்காரர்தான் போட வேண்டும் என்று உன் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை. வரிசை உன் வாசலைத் தாண்டி ரோட்டு வரைக்கும் நின்றது. அதிபர் நின்றார், நர்ஸ் நின்றாள், தர்மகர்த்தா நின்றார். உன் பேச்சைக் கேட்டுச் சாமானைக் கெடுத்துக்கொண்டவர்கள்தான் அந்த வரிசையில் பாதி. கெடுத்தவன் நீ என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தேன். தெரிந்துதான் நின்றார்கள். நானும் நின்றேன். முட்டாளே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் உனக்கு அரிசி போட்டேன்.

இப்போது அவர்கள் எல்லோரும் என் மாடிப்படியில் நிற்கிறார்கள். தப்பான ரேம், தப்பான டிஸ்க், தப்பான கேபிள். ஒவ்வொருவரையும் திட்டித்தான் உட்கார வைக்கிறேன். யாரும் எழுந்து போவதில்லை.